முதல் இயந்திரத்தை எங்கே செய்வது: கோவையா, ஓசூரா, சென்னையா, திருச்சியா?

கையில் ஒரு டிராயிங் இருக்கிறது, கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, வேலையை விட்டுவிட்டு சொந்தமாக ஒரு இயந்திரத்தைச் செய்து சந்தைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற வேகமும் இருக்கிறது. பட்டறையை எந்த ஊரில் போடுவது? மெக்கானிக்கல் படித்துவிட்டு இந்தத் துறையில் இறங்குகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கேட்கும்போதே பாதி முடிவோடு வருகிறார்கள். சொந்த ஊருக்குப் பக்கம் என்று ஒருவர் சொல்வார், அங்கே சிப்காட்டில் இடம் மலிவு என்று இன்னொருவர் சொல்வார், பெரிய கம்பெனி இருக்கிற ஊருக்குப் போனால் ஆர்டர் தானாக வரும் என்று நம்புகிறவர்களும் உண்டு.

மானியத்தை முதலில் தள்ளி வையுங்கள். புதுத் தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் திட்ட மதிப்பில் 25 சதவீதம் மூலதன மானியம் கிடைக்கிறது என்றால் அது கோவையில் தொடங்கினாலும் உண்டு, திருச்சியில் தொடங்கினாலும் உண்டு. ராணுவத் தளவாட உற்பத்திக்காகப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று 2019ல் தொடங்கினார்களே, அதில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று 5 ஊர்களும் மையங்கள்தான். ஆக இவற்றை வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்க முடியாது.

நான் பார்க்கச் சொல்வது வேறு ஒன்றை. புது இயந்திரத்தின் முதல் சாம்பிள் பீஸ் சரியாக வராது. இரண்டாவதும் பெரும்பாலும் வராது. ஷாஃப்ட் அதிரும், சீல் ஒழுகும், கியர் சத்தம் போடும். அந்தத் தப்பான பாகம் சரியான பாகமாக மாறி மறுபடி உங்கள் மேசைக்கு வர எத்தனை நாள் ஆகும், எவ்வளவு செலவாகும், தப்பு எங்கே என்று சொல்லத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் பக்கத்தில் இருக்கிறார்கள்? ஒரு தொழில் வட்டாரத்தின் உண்மையான மதிப்பு இதில்தான் இருக்கிறது. உங்கள் இயந்திரத்தில் அடிக்கடி மாறப்போகிற பாகம் எது என்று கண்டுபிடித்துவிட்டால், ஊரும் ஏறக்குறைய முடிவாகிவிடும்.

கோவையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மற்ற மூன்று ஊர்களையும் அளக்க எனக்கு அதுதான் அளவுகோல்.

இங்கே பெரிய அரசு ஆலை ஒன்று வந்து, அதைச் சுற்றிச் சிறு பட்டறைகள் முளைக்கவில்லை. பருத்தி விளைந்தது, மில்கள் வந்தன, 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்தது, மில்களின் எண்ணிக்கை கூடியது, மில் இயந்திரம் பழுதானால் பாகத்துக்காகக் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருக்க முடியாது என்பதால் உள்ளூரிலேயே வார்த்துக் கடைந்து மாட்டக் கற்றுக்கொண்டார்கள். மில் நடத்திய குடும்பமே 1926ல் பி.எஸ்.ஜி. அறக்கட்டளையைத் தொடங்கியது, அதிலிருந்து தொழிற்பயிற்சியும் பிற்பாடு 1951ல் பொறியியல் கல்லூரியும் வந்தன. 1937ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்தார்கள். கிணறு ஆழமான ஊர், விவசாயிக்குப் பம்ப் வேண்டும், மோட்டார் இங்கேயே கிடைக்கிறது, அப்புறம் என்ன, பம்ப் தொழில் வேர் பிடித்தது. 1962ல் எல்.எம்.டபிள்யூ. கம்பெனி நூற்பு இயந்திரங்களுக்காக வந்தது. எல்ஜி கம்ப்ரசர், சாந்தி கியர்ஸ், பிரிக்கால் மீட்டர்கள், புவிசார் குறியீடு வாங்கிய வெட் கிரைண்டர் என்று அடுத்தடுத்து வந்தவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தெரியும். ஆனால் அத்தனைக்கும் அடியில் வார்ப்பு, கடைசல், மோட்டார் சுற்றுதல் என்ற அதே மூன்று கைவேலைகள்தான்.

இதனால் உங்களுக்கு என்ன லாபம்? ஒரு பம்ப் இம்பெல்லரை, அதாவது உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற சக்கரத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டின் கோணத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டீர்கள். கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கம் பேட்டர்ன் (வார்ப்பு மண்ணில் அச்சுப் பதிக்கிற மாதிரி வடிவம்) செய்கிறவரிடம் டிராயிங்கைக் கொடுக்கிறீர்கள். வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் சுருங்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் கிட்டத்தட்ட அதில் இரண்டு மடங்கு. அந்தச் சுருக்கத்தைக் கணக்கில் சேர்த்துத்தான் பேட்டர்ன் செதுக்குவார். ஆனால் அதற்கு முன்னால் டிராயிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த ஓரத்தில் சரிவு குடுக்கலீங்க, பேட்டர்னை எடுக்கும்போது மண்ணும் சேர்ந்து பிஞ்சுக்கிட்டு வந்துரும்" என்பார். இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, "இங்க தடிமன் திடீர்னு கூடுது, உள்ளே பொத்தல் விழும், படிப்படியா ஏத்துங்க" என்பார். வலிமையைப் பார்க்கக் கம்ப்யூட்டரில் ஓட்டிய ஆய்வு இந்த இரண்டையும் சொல்லியிருக்காது. இந்தப் பேச்சுக்கு அவர் பில் போடமாட்டார், ஆனால் அந்த 10 நிமிடம் உங்களுக்கு ஒரு வார்ப்பையும் இரண்டு வாரத்தையும் மிச்சப்படுத்தும்.

அங்கிருந்து உலோகத்தை வார்க்கிற ஃபவுண்டரி, வார்ப்பின் பிசிறை நீக்குகிற ஃபெட்லிங், கடைகிற லேத், அதிராமல் சுழலச் சமன்செய்கிற பாலன்சிங் எல்லாம் ஒரு மொபெட்டில் சுற்றிவரக்கூடிய தூரம். ஒரே ஒரு பீஸுக்கு மெஷினை ஓட்டச் சம்மதிக்கிற லேத்காரர் கிடைப்பது வேறு ஊர்களில் அரிது, இங்கே தேடினால் கிடைப்பார். சாவி வழி வெட்ட ஒருவர், மேற்பரப்பை மட்டும் கடினமாக்குகிற கேஸ் ஹார்டனிங்குக்கு ஒருவர், கிரைண்டிங்குக்கு ஒருவர் என்று வேலை பிரிந்து கிடப்பதால் நீங்கள் பெரிய முதலீடே இல்லாமல் ஒரு முழு இயந்திரத்தை வெளியிலேயே செய்து வாங்கிவிடலாம், உங்கள் இடத்தில் அசெம்பிளி மேசையும் அளவுக் கருவிகளும் இருந்தால் போதும். சோதனைக்கு சிடார்க் என்ற ஆய்வு மையம் இருக்கிறது, பம்ப், மோட்டார் சார்ந்த எதுவானாலும் அங்கே போய்த் திறனை அளந்து அறிக்கை வாங்கலாம். கொடிசியா 1969லிருந்து சிறுதொழில்காரர்களின் சங்கமாக இருக்கிறது, அதன் இன்டெக் கண்காட்சியை ஒரு சுற்றுச் சுற்றினால் உங்களுக்கு வேண்டிய வெண்டர்களில் பாதிப் பேரைப் பார்த்துவிடலாம். பொறியியல் உற்பத்தியாளர் சங்கமான சைமா அதற்கும் மூத்தது, 1952லிருந்து இருக்கிறது.

சரி, குறை இல்லையா? இருக்கிறது, அதை மறைத்துப் பேசினால் உங்களுக்கு நல்லது செய்ததாகாது. முதலாவது, இங்கே ரகசியம் நிற்காது. பேட்டர்ன் செய்கிறவரின் அலமாரியில் உங்கள் போட்டியாளரின் பேட்டர்னும் இருக்கும். நல்ல வடிவம் ஒன்று விற்க ஆரம்பித்தால், அதேபோல இன்னொன்று சீக்கிரமே கடைக்கு வந்துவிடும். புதுமையான பாகத்துக்குக் காப்புரிமை விண்ணப்பம் போட்ட பிறகுதான் டிராயிங்கை வெளியே விட வேண்டும், முக்கியமான இரண்டு பாகங்களை ஒரே பட்டறைக்குக் கொடுக்கக் கூடாது, பேட்டர்ன் உங்களுடையது என்று பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதி வாங்க வேண்டும். இரண்டாவது, விலையில் குஜராத்தின் ராஜ்கோட்டோடு போட்டி போட்டுப் போட்டு, ஜாப் ஒர்க் (அடுத்தவர் பாகத்தைக் கூலிக்குச் செய்து தருவது) கூலி இறுகிப்போய்க் கிடக்கிறது. அந்த நெருக்கடியில் நல்ல டர்னர்கள் பட்டறையை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் ஒரு பீஸுக்கு மெஷின் ஓட்டித் தருகிற அந்த ஆட்கள் போய்விட்டால் இந்த ஊரின் பலமே போய்விடும். மின்கட்டண உயர்வுக்கு எதிராக இங்கே குறுந்தொழில்காரர்கள் போராடும்போது, அதை மின்கட்டணப் பிரச்சினையாக மட்டும் நான் பார்ப்பதில்லை, புதுசாக எதையாவது செய்ய நினைக்கிற ஒவ்வொருவரின் பிரச்சினையும் அதுதான். மூன்றாவது, மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் துல்லியம் வேண்டும் என்றால் கோவையில் செய்யக்கூடியவர்கள் உண்டு, ஆனால் தேட வேண்டியிருக்கும்.

அந்த மைக்ரான் விஷயம்தான் ஓசூரின் பக்கம் தராசைச் சாய்க்கிறது.

ஓசூர் 1970களில் சிப்காட்டால் உருவான ஊர், அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய ஆலைகளைச் சுற்றி வளர்ந்தது. கைக்கடிகாரம் செய்ய வந்த டைட்டன் அதற்காகச் சேர்த்த நுண்ணிய வேலைத்திறன் இன்று தனிக் கம்பெனியாக விமானப் பாகங்களும் தானியங்கி அசெம்பிளி இயந்திரங்களும் செய்கிறது. ஆனால் ஓசூரை ஓசூராக மட்டும் பார்க்கக் கூடாது, அது பெங்களூருவின் தெற்கு வாசல், 40 கிலோமீட்டர்தான். மத்திய அரசு நிறுவனங்களான எச்.ஏ.எல்., 1953ல் தொடங்கிய எச்.எம்.டி., பி.இ.எல். ஆகியவை தயார் செய்த தலைமுறை தலைமுறையான மெஷினிஸ்டுகள், பீன்யா தொழிற்பேட்டை, 1962லிருந்து இயந்திரக் கருவிகளுக்காகவே இயங்கும் சி.எம்.டி.ஐ., இந்தியாவின் பெரிய மெஷின் டூல் கண்காட்சியான இம்டெக்ஸ் எல்லாம் அந்தப் பக்கம்.

இந்த வட்டாரத்தின் தனித்தன்மை அளக்கும் அறையில் தெரியும். எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். 100 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பாகத்தை 35 டிகிரி வெயிலில் பட்டறைத் தரையில் வைத்து அளந்தால், 20 டிகிரி அறையில் அளப்பதைவிடக் கிட்டத்தட்ட 17 மைக்ரான் கூடக் காட்டும். உங்கள் டாலரன்ஸே (அளவில் அனுமதிக்கிற விலகல்) 10 மைக்ரான் என்றால் அந்தப் பாகத்தை ஏற்பதா தள்ளுவதா என்று சொல்லவே முடியாது. ஓசூர், பெங்களூரு பக்கம் நல்ல பட்டறைக்குப் போனால் பாகத்தை முந்தின இரவே குளிரூட்டிய அறையில் வைத்து, அது அறையின் சூட்டுக்கு வந்த பிறகுதான் சி.எம்.எம். என்ற அளவிடும் இயந்திரத்தில் ஏற்றுவார்கள், கேட்காமலேயே அளவு அறிக்கையைப் பாகத்தோடு சேர்த்துக் கொடுப்பார்கள். ஸ்பிண்டில், சர்வோ வால்வு, ரோபோ மூட்டு, மருத்துவக் கருவி, விமானப் பாகம் என்று எதைச் செய்வதானாலும் கண்ணை மூடிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடுங்கள்.

எல்லையைத் தாண்டுவதில் ஒரு சின்னத் தொல்லை உண்டு, புதிதாக வருகிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஓசூரிலிருந்து ஒரு பாகத்தை ஜாப் ஒர்க்குக்காக பெங்களூருக்கு அனுப்பினால் அது வேறு மாநிலம், அதனால் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் டெலிவரி சலானோடு ஜி.எஸ்.டி. சட்டப்படியான ஈ-வே பில்லும் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் என்றால் 1 லட்சம் ரூபாய் வரை அந்த வேலை இல்லை. 2,000 ரூபாய் பெறுமான ஒரு ஷாஃப்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போய் கிரைண்டிங் செய்துவரலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். அப்புறம், ஓசூர் பட்டறைகள் பெரும்பாலும் பெரிய ஆலைகளின் மாத அட்டவணையில் ஓடுபவை. உங்கள் ஒற்றைப் பீஸ் அந்த அட்டவணையின் இடைவெளியில்தான் நுழைய வேண்டும். கூலியும் கோவையைவிட அதிகமாகத்தான் இருக்கும். வார்ப்பு அடிக்கடி மாறுகிற இயந்திரத்துக்கு இது ஒத்துவராது.

சென்னை இன்னொரு மாதிரி. 1958ல் கிண்டி தொழிற்பேட்டை, 1964ல் அம்பத்தூர் எஸ்டேட், அதற்கும் முன்பே எண்ணூரில் லாரி, திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள், 1990களின் கடைசியில் ஹூண்டாய், அப்புறம் ஒரகடம் முழுக்க ஆலைகள். வாகனத் தொழிலுக்காகவே பழகிய ஊர் என்பதால் தகடு வெட்டி வளைக்கிற டை, பிளாஸ்டிக் மோல்டு, ரப்பர், வயரிங், பவுடர் கோட்டிங் இவற்றில் இங்கே இருக்கும் ஆழம் மற்ற மூன்று ஊர்களில் இல்லை. கிண்டியில் பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கான சிபெட், ஒரகடத்தில் வாகனச் சோதனைக்கான ஜி.ஏ.ஆர்.சி., டைடல் பார்க்கில் நவீன உற்பத்திக்கும் வடிவமைப்புக்கும் அரசு அமைத்த டான்சாம், டான்கேம் மையங்கள், தரமணியில் ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்கா என்று நிறுவனங்களின் பட்டியலும் நீளம். அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கமான ஐமா நடத்தும் ஆக்மீ கண்காட்சிக்கு அவசியம் போய்வாருங்கள்.

ஐ.ஐ.டி.யைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராக்கெட் செய்கிற அக்னிகுல் கம்பெனி அங்கேதான் வளர்ந்தது, ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் செய்த ராக்கெட் எஞ்சினை 2024 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறக்கவிட்டது. அறிவியலே இன்னும் முழுசாகத் தீராத ஒரு இயந்திரத்தைச் செய்கிறீர்கள், பேராசிரியர்களும் ஆய்வுக்கூடமும் வேண்டும், முதலீட்டாளரிடம் பேச வேண்டும் என்றால் சென்னைக்கு மாற்று கிடையாது. மின்ஸ்கூட்டர் செய்கிற ஏத்தர் கம்பெனியின் கதையையும் கவனியுங்கள். ஐ.ஐ.டி. சென்னையில் படித்தவர்கள் 2013ல் அங்கேயே தொடங்கினார்கள், பெங்களூருக்கு மாறினார்கள், பெரிய ஆலையை ஓசூரில் போட்டார்கள். யோசனை பிறந்த ஊர், வடிவமைத்த ஊர், உற்பத்தி நடக்கிற ஊர் மூன்றும் வேறுவேறாக இருப்பதில் எந்தத் தவறும் இல்லை, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு ஊர் பலம்.

ஆனால் சாதாரண ஒரு ஆள், ஐ.ஐ.டி. தொடர்பு எதுவும் இல்லாமல், அம்பத்தூரில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து முதல் இயந்திரத்தைச் செய்யத் தொடங்கினால் என்ன ஆகும்? வாடகை முதல் வருடத்திலேயே சேமிப்பைத் தின்றுவிடும். வெண்டரிடம் போனால் முதல் கேள்வியே மாதம் எத்தனை ஆயிரம் பீஸ் என்பதாக இருக்கும், அது அவர் தப்பு இல்லை, அவருடைய தொழிலே அந்த எண்ணிக்கையில்தான் ஓடுகிறது. 2015 டிசம்பரில் ஈக்காட்டுத்தாங்கலிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூரிலும் தண்ணீர் புகுந்து சி.என்.சி. மெஷின்கள் மூழ்கியதை மறந்துவிட வேண்டாம். சென்னையில் இடம் பார்ப்பதாக இருந்தால் ஷெட்டின் தரைமட்டம் ரோட்டைவிட எவ்வளவு உயரம் என்று பார்த்துவிட்டு, அந்த இரண்டு மழையிலும் எதுவரை தண்ணீர் வந்தது என்று பக்கத்து ஷெட்காரரிடம் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள், காப்பீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருச்சியைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் அது யாருக்குப் பொருந்தும் என்பதில் குழப்பமே கிடையாது. பாய்லர், அழுத்தக்கலன், பெரிய சட்டகம், சர்க்கரை ஆலை உபகரணம் என்று கனமான தகட்டை வெட்டி வெல்டிங் செய்கிற வேலை என்றால் திருச்சிக்குப் பக்கத்துத் துவாக்குடிக்குப் போங்கள். 1965லிருந்து பெல் (பி.எச்.இ.எல்.) ஆலை தயார் செய்த வெல்டர்கள், 1975ல் வந்த வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம், பாய்லர் சட்டத்தின்படி தேர்வான ஆட்கள், வெல்டிங்கின் உள்குறையைப் பார்க்க ரேடியோகிராபி எடுத்துத் தரும் வசதி எல்லாம் அங்கே ஒரே இடத்தில் இருக்கிறது. ஆனால் ஒரே பெரிய வாங்குபவரை நம்பி வளர்ந்த வட்டாரம் அது. அனல்மின் நிலைய ஆர்டர்கள் சுருங்கியபோது நூற்றுக்கணக்கான பட்டறைகள் சேர்ந்து தவித்தன. அதை உங்களுக்குச் சாதகமாகவும் எடுத்துக்கொள்ளலாம், வேலைக்குக் காத்திருக்கிற திறமையான ஃபேப்ரிகேட்டர்கள் அங்கே இருக்கிறார்கள், நியாயமான கூலியில் அக்கறையாகச் செய்து தருவார்கள்.

வெளிமாநிலமா என்று கேட்டால், புனேவும் ராஜ்கோட்டும் பெரிய வட்டாரங்கள்தான், சந்தேகமே இல்லை. ஆனால் பேட்டர்ன்காரர் டிராயிங்கைப் பார்த்து முகம் சுளிப்பதன் அர்த்தம் உங்களுக்கு உடனே புரிய வேண்டும், அதற்கு மொழி வேண்டும். முதல் இயந்திரத்துக்கு அங்கே போக நான் சொல்லமாட்டேன்.

இப்போது முடிவுக்கு வருகிறேன். தேங்காய் உரிக்கிற இயந்திரம், மஞ்சள் பாலிஷ், சிறு டிராக்டரில் மாட்டுகிற கருவி, பம்ப், பிளோயர், உணவு பதப்படுத்தும் இயந்திரம் என்று மோட்டார், ஷாஃப்ட், வார்ப்பு மூன்றும் சேர்ந்த எதுவாக இருந்தாலும் என் வாக்கு கோவைக்குத்தான், யோசிக்கவே வேண்டியதில்லை. நம் ஊரில் புதிதாகச் செய்ய நினைக்கிற இயந்திரங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். விற்பனை சென்னையில் இருக்கிறது என்றாலும் சரி, நீங்கள் மதுரைக்காரராக இருந்தாலும் சரி, முதல் வருடம் கோவையில் ஒரு சின்ன ஷெட்டில் இருந்துவிட்டு, வடிவம் நிலைத்த பிறகு உற்பத்தியை வேறு ஊருக்கு மாற்றுங்கள். துல்லியம்தான் உங்கள் பொருளின் உயிர் என்றால் ஓசூர். பிளாஸ்டிக்கும் தகடும் எலக்ட்ரானிக்ஸும் கலந்த பொருள், அல்லது வாகனத்தில் போகிற பொருள் என்றால் வாடகையைத் தாங்கும் பணத்தோடு சென்னை.

இன்னும் மனம் ஊசலாடினால் ஒரு வழி இருக்கிறது. உங்கள் இயந்திரத்திலேயே கஷ்டமான பாகத்தின் டிராயிங்கை, காப்புரிமைக்குத் தேவையானதை மறைத்துவிட்டு, இரண்டு ஊர்களிலும் மூன்று மூன்று பட்டறைகளுக்குக் கொண்டு போங்கள். விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ஒரே ஒரு பீஸ் செய்வீர்களா, மெட்டீரியலை யார் வாங்குவது, முதல் பீஸில் அளவு தவறினால் செலவு யாருடையது, டிராயிங்கை மாற்றினால் இரண்டாவது பீஸ் எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். உங்கள் டிராயிங்கில் குறை சொல்கிற பட்டறையின் நம்பரை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், "கொடுங்க சார், செஞ்சிடலாம்" என்று பார்க்காமலே வாங்கி வைக்கிறவரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கோவைக்குப் போவதாக இருந்தால் மாசி, பங்குனிக்கு முன்னால் போய்விடுங்கள். கோடைக்கான பம்ப் ஆர்டர் ஏறிவிட்டால் ஃபவுண்டரியிலும் லேத்திலும் ஒற்றைப் பீஸ்காரர் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டியிருக்கும்.